காலத்தைப் பொறுத்த மாறிலி

அந்த மாறிலி எங்கிருந்து வந்தது என்று மாதேவனுக்குப் பிடிபடவில்லை. திரையில் செண்பகவல்லி சிவப்புப் புள்ளியால் சமன்பாட்டின் இடப்பக்கத்தைத் தொட்டாள், வலப்பக்கத்தைத் தொட்டாள், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் முந்தைய பக்கத்திலேயே நின்றுவிட்டார், பஸ்ஸை விட்டு இறங்கியபின் பையை எடுத்தோமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறவரைப்போல. முன்வரிசையில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் பூத்துவாலை விரித்திருந்தது. எதிரே சின்ன மேசையில் தண்ணீர் பாட்டில், வறுத்த முந்திரி, ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை இங்கே யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை, வைவா என்றுதான் சொல்வார்கள். பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒன்று அது. மாணவி பட்டுப்புடவை கட்டியிருப்பாள், வீட்டார் மூன்றாவது வரிசையை நிறைத்திருப்பார்கள், வருகைப்பதிவுக்காகக் கூட்டி வரப்பட்ட எம்.எஸ்சி. பிள்ளைகள் பின்னால் அமர்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்வார்கள், வெளியூரிலிருந்து வருகிற புறத்தேர்வாளர்தான் மாப்பிள்ளை வீட்டார். அவருக்கு வாய்க்கு ருசியாகப் போட்டு, மரியாதை குறையாமல் பார்த்து, ரயில் ஏற்றிவிட வேண்டும். மாதேவன் இதுபோல எத்தனையோ கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வேட்டைப் படித்து, பட்டம் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் அவரேதான், அது சித்திரையில். ஆகவே இன்றைக்கு இங்கே நடக்கிறது வெறும் சம்பிரதாயம். அப்படியிருக்க அந்த மாறிலி எங்கிருந்து வந்தது.

சரி, முதலிலிருந்து பார்ப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார், இப்போதெல்லாம் எதையும் முதலிலிருந்து பார்க்கவேண்டியிருக்கிறது. ஓர் அலை இருக்கிறது. அதற்குள் நீளமும் குட்டையுமாகப் பல அலைகள் கலந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஆகையால் விட்டுவிட்டால் அது அது தன் போக்கில் ஓடி, குவிந்து கிடந்தது பரந்து, தணிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதுதான் சிதறல். ஆனால் இந்தச் சமன்பாட்டில் இன்னொரு குணமும் உண்டு, உயரமான இடம் தாழ்ந்த இடத்தைவிட வேகமாக ஓடப் பார்க்கும், தன்னைத்தானே முட்டித் தள்ளிக் குவித்துக்கொள்ளும். ஒன்று கலைக்கிறது, ஒன்று கூட்டுகிறது. இரண்டும் சரிக்குச் சரி நின்றுவிட்டால் ஒரே ஒரு மேடு, உருவம் மாறாமல், யாரோடும் சேராமல், போய்க்கொண்டே இருக்கும், அதைத் தனியலை என்பார்கள். கேள்வி ஒன்றுதான். எந்த உருவத்தில் வேண்டுமானாலும் தொடங்குங்கள், பிறகு காத்திருங்கள், ஒரு மணி நேரமல்ல, ஒரு யுகமல்ல, முடிவிலிவரைக்கும் காத்திருங்கள், கடைசியில் என்ன மிஞ்சும்? சில தனியலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும் என்று உலகத்தில் எல்லோரும் நம்புகிறார்கள், கணினியில் போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது, நிரூபிக்கத்தான் முடியவில்லை. ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரப் பெண் இதைக் கேட்டுவிட்டு, அப்ப வாழ்க்கைக்கும் இதுல ஒரு பாடம் இருக்கு, இல்லையா சார் என்றாள். இல்லை என்றார் மாதேவன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை, அலை அலைதான், அதற்கு மனுஷனைத் தெரியாது. செண்பகவல்லி எடுத்துக்கொண்டது அதில் ஒரு சின்ன மூலை, ஒரேயொரு குடும்பத்துச் சமன்பாடு, ஒரேயொரு தனியலை. தனியலையைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கிறதே, அது எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் காலம் போகப்போகப் பூச்சியத்துக்குப் போய்ச் சேரும். இதுதான் அவளுடைய தேற்றம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை, பகுதிநேர ஆய்வு, இரண்டு பெண்பிள்ளைகள், கல்லூரியிலிருந்து வந்து சமையலை முடித்துவிட்டுச் செய்த கணக்கு என்று அவளுடைய நெறியாளர் குணசீலன் நேற்று ரயிலடியிலேயே சொல்லியிருந்தார். சொல்லவேண்டிய அவசியமே இல்லை, கணக்கு நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததால்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் மிச்சம் பூச்சியத்துக்குப் போகும் என்று காட்ட ஒரு மதிப்பீடு வேண்டும். மிச்சத்தின் ஆற்றலைக் காலம் முழுவதும் கூட்டினால் அது ஒரு மாறிலிக்கு மேல் போகாது என்று சொல்லவேண்டும். மாறிலி என்றால் மாறாதது. அவள் திரையில் போட்ட மாறிலி இரண்டாம் அத்தியாயத்திலிருந்து வந்தது, அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டாம் அத்தியாயத்தில் அவள் காலத்துக்கு ஒரு எல்லை வைத்திருந்தாள், இவ்வளவு நேரம்வரைக்கும் என்று. அந்த எல்லைக்குள் மாறிலி மாறாது. எல்லையைத் தள்ளிவைத்தால் மாறிலியும் கூட வளரும். வளர்கிற ஒன்றை மாறிலி என்று எப்படிச் சொல்வது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவிலிக்கு எப்படிப் போவது? எவ்வளவு வளர்கிறது என்று பார்க்கவேண்டும், மெதுவாக வளர்ந்தால் வேறு கதை. ஆற்றலை எடு, காலத்தால் வகையிடு, முதல் உறுப்பு போய்விடும், இரண்டாவதை இரண்டாகப் பிரி, ஒரு பாதியை இடப்பக்கம் கொண்டுபோ, மறுபாதியில் ஒரு எடைச்சார்பு வரும், அதைத் தொகையிட்டால், தொகையிட்டால், கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடம் ஞாபகம் வந்தது. மாடம்பாக்கத்துக் கோயில், போன மாசம். வெளியே வந்து நிற்கிறார், வரிசை வரிசையாகச் செருப்புகள், ஒன்றும் அவருடையதாகத் தெரியவில்லை. காணாமல் போகவில்லை, யாரும் எடுத்துப் போகவில்லை, எல்லாமே இருக்கின்றன, ஆனால் தன்னுடையது என்ன நிறம், வாரா பட்டையா என்பது மனசுக்குள் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. தரை சுட்டது. எல்லோரும் எடுத்துப் போகட்டும், மிஞ்சுகிறது நம்முடையது என்று ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார், அது புத்திசாலித்தனமான வழிதான், ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒரு ஜோடி போனால் மூன்று ஜோடி வந்தது. கோமதி பிரசாதத்தொன்னையோடு வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், கால் விரலால் ஒரு ஜோடியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். கறுப்பு, பட்டை வைத்தது. போட்டுக்கொண்டபோது கால் அதை அடையாளம் கண்டுகொண்டது.

அந்த ஒரு தடவை மட்டுமென்றால் அவரும் விட்டிருப்பார். பேரப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக மகளின் சின்ன வயதுப் பெயர் வந்தது, அது எல்லோருக்கும் வருகிறதுதான். ஆவின் பாலகத்துக்குப் போகிற வழியில் திரும்பவேண்டிய தெரு வரவேயில்லை, அதாவது வந்திருக்கும், அவர் கடந்திருப்பார். ஒரு நாள் காலையில் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார், அதன் பெயர் வரவில்லை, தமிழிலும் வரவில்லை இங்கிலீஷிலும் வரவில்லை, அதன் உள்ளே வாயு விரிந்து சுருங்குகிற சமன்பாடு மட்டும் வந்தது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோமதியும் சொல்லவில்லை, ஆனால் அவள் எல்லா இடத்துக்கும் கூட வர ஆரம்பித்தாள். வங்கிக்கா, நானும் வாறேன், எனக்கும் ஒரு நடை. திருநெல்வேலிக்கா, நானும் வாறேன், நெல்லையப்பரைப் பாத்து வருஷக்கணக்கா ஆச்சு. இப்போதும் கூடத்தின் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் புரியாத இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள், திரையை அல்ல, அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே, ஒரு டாக்டர காட்டீட்டு வந்திருவமா என்றாள். எதுக்கு என்றார். சும்மாத்தான் என்றாள். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எதுக்கு என்று அவருக்குத் தெரியாதா? அண்ணன் பகவதியப்பன் வள்ளியூர்ப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். கடைசிக் காலத்தில் மனைவியைத் தெரியவில்லை, பெற்ற பிள்ளைகளைத் தெரியவில்லை, தன் வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, வண்டிகளின் நேரம் மட்டும் ஒரு நிமிஷம் பிசகாமல் இருந்தது. மாதேவன் பார்க்கப்போனால் அண்ணன் மரியாதையாக எழுந்து நிற்பான், தாங்கள் எந்த வண்டிக்கு என்பான். எந்த வண்டி என்று ஒன்றைச் சொல்லவேண்டும், சொன்னால் திருப்தியாக உட்காருவான். சொல்லாவிட்டால் பதற்றமாகிவிடும். அப்போது அண்ணனுக்கு என்ன வயசு? கணக்குப் போடத் தொடங்கி, வேண்டாம் என்று நிறுத்தினார். இந்தக் கணக்கு அவருக்குச் சரியாக வரும், அதுதான் பயம்.

செண்பகவல்லியின் குரல் சீராகப் போய்க்கொண்டிருந்தது, இடையிடையே ஒரு இருமல், பதற்றமெல்லாம் முதல் சில பக்கங்களிலேயே இறங்கிவிட்டது. நல்ல பேச்சு. எதை எதற்குப் பிறகு சொல்லவேண்டும் என்று தெரிந்தவள். அப்படிப்பட்டவள் வளர்கிற மாறிலியை மாறாத மாறிலியாக எடுத்துக்கொள்வாளா? நெறியாளர் பார்க்காமல் விட்டிருப்பாரா? வடநாட்டுத் தேர்வாளர் ஒருவரும் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவரும் பார்க்கவில்லையா? நானே பார்க்கவில்லையா? படித்தபோது இந்த இடத்தில் நின்றேனா, நின்று, ஓ, இதனால் சரி என்று ஏதோ ஒரு காரணம் கண்டு கடந்தேனா, அந்தக் காரணம் இப்போது செருப்பைப்போல வரிசையில் இருந்தும் அடையாளம் தெரியாமல் கிடக்கிறதா? அல்லது அப்போதே ஒன்றும் பார்க்காமல், பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டேனா? ஆய்வேட்டைப் படித்த நாற்காலி ஞாபகம் இருக்கிறது, பால்கனியில் வெயில் விழுந்த கோணம் ஞாபகம் இருக்கிறது, கோமதி மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஞாபகம் இல்லை. யோசிக்க யோசிக்க அது இப்படி வந்து நின்றது: கேட்டால், அவள் பதில் சொல்லிவிட்டால், அவள் பாஸ், ஓட்டை தன் தலையில். அவள் பதில் சொல்ல முடியாமல் நின்றால், தன் தலை சரியாக இருக்கிறது, ஓட்டை அவள் தேற்றத்தில். இரண்டில் ஒன்றுதான் நடக்கும். எது நடக்கவேண்டும் என்று விரும்புகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடனே பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். முப்பத்தொன்பது வயசு மனுஷி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் கணக்கில் ஓட்டை இருக்கவேண்டும் என்று ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறான், நன்றாயிருக்கிறது.

கேட்காமலும் இருக்கலாம். அதுதான் எல்லோருக்கும் நல்லது. வெளியே வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், அவள் புருஷன் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன், அவனுடைய கூட்டாளிகள் சேர்ந்து வைத்தது, பரீட்சை முடியுமுன்பே முனைவர் செண்பகவல்லி என்று போட்டாகிவிட்டது, அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் கடல் அலையின் படம், மேலே மூன்று புறா. காலையில் அதைப் பார்த்து அவள் தலையைக் குனிந்துகொண்டதை அவர் கவனித்தார். ஜன்னல் வழியாகப் பிரியாணி வாசனை வர ஆரம்பித்துவிட்டது, மரத்தடியில் அண்டாவை இறக்கியிருப்பார்கள். முனைவர் பட்டம் இருந்தால்தான் அடுத்த வருஷம் அவளுடைய வேலை நிற்கும் என்று குணசீலன் பேச்சுவாக்கில் சொன்னார், பேச்சுவாக்கில் சொன்னதா, வேண்டுமென்றே சொன்னதா? நிறுத்தி வைத்தால் திருத்தம், மறு சமர்ப்பிப்பு, மறுபடி குழு, அதற்குள் கல்லூரிக்காரன் வேறு ஆளைப் போட்டுவிடுவான். யார் படிக்கப்போகிறார்கள் இந்த ஆய்வேட்டை? நூலகத்தில் கறுப்பு அட்டையோடு போய் நிற்கும், கரையான்கூடத் தொடாது. ஒரு மாறிலிக்காக ஒரு குடும்பத்தின் சாப்பாட்டில் மண் போடவேண்டுமா? போடவேண்டியதில்லை என்று முடிவு செய்தார். முடிவு செய்த பிறகும் கை குணசீலன் பக்கம் நீண்டது, அவர் மேசையில் இருந்த ஆய்வேட்டைக் காட்டி, கொடுங்கள் என்று விரல் அசைத்தது. தன்னுடைய பிரதியைக் கொண்டுவர மறந்துவிட்டார், அல்லது கொண்டுவந்து அறையில் வைத்திருக்கிறார். குணசீலன் எடுத்துக் கொடுத்தார், முகத்தில் ஒரு சின்னக் கேள்வி. நான்காம் அத்தியாயம், துணைத்தேற்றம், அதன் நிரூபணம். நிரூபணம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே வரி இருந்தது. முன்பு கண்டதுபோலவே இதுவும் பெறப்படும். அவ்வளவுதான். கணிதத்தில் ஓட்டைகளெல்லாம் இந்த வரிக்கு அடியில்தான் குடியிருக்கும், அதைத் தன் மாணவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர் அவர். இந்த வரியைத்தான் சித்திரை வெயிலில் கடந்து போயிருக்கிறார். ஆற்றலை எடு, காலத்தால் வகையிடு, முதல் உறுப்பு போய்விடும், இரண்டாவதை இரண்டாகப் பிரி. இந்தத் தடவை எடைச்சார்புவரை வந்துவிட்டார், தொகையிட்டார், காலத்தின் ஏதோ ஒரு படி வந்தது, ஒன்றைவிடச் சின்னப் படியா பெரிய படியா என்று பார்க்கும் முன்பு, கூடத்தில் கை தட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது.

குணசீலன் எழுந்து, அவையோர் கேள்வி கேட்கலாம் என்றார். எழுதிக் கொடுத்த கேள்வியை ஒரு எம்.எஸ்சி. பெண் எழுந்து ஒப்பித்தாள், செண்பகவல்லி எழுதிவைத்த பதிலைச் சொன்னாள். இயற்பியல் துறைக்காரர் ஒருவர், இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று கேட்டார். சுனாமி ஆழ்கடலில் எப்படிப் போகிறது என்பதற்கும் கண்ணாடி இழையில் செய்தி எப்படிக் கலையாமல் போகிறது என்பதற்கும் அடியில் இருப்பது இதே மாதிரிச் சமன்பாடுகள்தான், ஆனால் என் தேற்றத்துக்கு நேரடியான பயன் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை சார் என்றாள் அவள். மாதேவனுக்கு அந்தப் பதில் பிடித்தது. பிடித்ததுதான் தொந்தரவாகப் போயிற்று. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிற ஒருத்தியின் முன்னால் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருப்பது எப்படி? குணசீலன் அவர் பக்கம் திரும்பி, புறத்தேர்வாளர் அவர்கள் ஏதேனும், என்று இழுத்தார், ஏதுமில்லை என்று சொல்லி வாழ்த்தவேண்டிய இடம் அது. மாதேவன் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். இது தப்பாக இருந்தால் இந்தக் கூடம் முழுக்கச் சிரிக்காது, மரியாதையாக மௌனமாக இருக்கும், பிறகு சாப்பாட்டுப் பந்தியில் குணசீலன் யாரிடமோ, அண்ணாச்சி முன்னமாதிரி இல்ல என்பார். அந்த வாக்கியம் அவருக்கு இப்போதே காதில் கேட்டது. வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் இங்கிலீஷில்தான் கேட்பார், இன்றைக்குத் தமிழ்தான் வந்தது.

“நாலாம் அத்தியாயத்துல ஒரு மாறிலி போட்டிருக்கீங்களே,” என்றார். “அது காலத்தைப் பொறுத்ததா, இல்லையா?”

செண்பகவல்லி திரும்பித் திரையைப் பார்த்தாள். பொத்தானை அழுத்திப் பின்னோக்கிப் போனாள், ஒவ்வொரு பக்கமாக, அந்தப் பக்கம் வந்தது. இல்ல சார் என்று சொல்ல வாயெடுத்தாள், வாய் அப்படியே நின்றது. மாதேவன் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை வரியின் மேல் போய், திரும்பி வந்து, மறுபடி போயின, பிறகு எங்கேயும் போகாமல் நின்றன. அந்த நிலையை அவருக்குத் தெரியும், அவர் வாழ்நாளில் பலதடவை தானே நின்ற நிலை, காலுக்கடியில் தரை இருக்கிறதா என்று பார்க்கிற நிலை.  அவருக்குள் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்து கீழே இறங்கியது, நிம்மதி என்றுதான் அதைச் சொல்லவேண்டும், என் தலை சரியாகத்தான் இருக்கிறது, அந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கு அருவருப்பாகவும் இருந்தது. குணசீலன் ஒலிவாங்கி இல்லாமலே முந்திக்கொண்டு பேசினார். இரண்டாம் அத்தியாயத்துக் குறியீட்டையே அங்கேயும் போட்டதில் வந்த எழுத்துப் பிழை அது, வேறு எழுத்துப் போட்டுத் திருத்தினால் சரியாகிவிடும், அச்சுக்குப் போகுமுன் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷர், தன் மாணவிக்குக் கை கொடுக்கிறார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறிவிடலாம், மாதேவனும் தலையாட்டிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. மூன்றாவது வரிசையில் புருஷன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான், ஒன்றும் புரியாவிட்டாலும் மனைவியின் முதுகிலிருந்து எதையோ படித்துவிட்டான்.

“எழுத்துப் பிழை இல்ல சார்,” என்றாள் செண்பகவல்லி. “மாறிலி வளருது. தப்பு என்னோடதுதான்.”

பிறகு யாரும் எதிர்பாராத விதமாக அவள் சிவப்புப் புள்ளி விடுகிற கோலை மேசையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் இருந்த கரும்பலகைக்குப் போனாள். அதில் யாரோ வரவேற்பு என்று வண்ணச் சாக்பீஸில் பூவேலையோடு எழுதியிருந்தார்கள், ஒரு மூலையில்தான் இடம் இருந்தது, அவள் டஸ்டரை எடுத்து வரவேற்பில் பாதியை அழித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆற்றலை எழுதினாள், காலத்தால் வகையிட்டாள், முதல் உறுப்பை அடித்தாள். மாதேவன் கூடவே போனார், இந்தத் தடவை அவருக்கு வழி தப்பவில்லை, அவள் கை முன்னால் போக, பின்னால் நடப்பது எளிதாக இருந்தது, இரண்டாவதை இரண்டாகப் பிரி, எடைச்சார்பு, தொகை. காலத்தின் வர்க்கமூலம் வந்தது. அவள் நிறுத்தி, சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல், பலகையைப் பார்த்துப் பேசினாள். மாறிலி வளர்கிறது, ஆனால் காலம் வளர்கிற வேகத்தில் வளரவில்லை, அதைவிட மெதுவாகத்தான் வளர்கிறது. ஆகையால் கூட்டுத்தொகையைக் காலத்தால் வகுத்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி பூச்சியத்துக்குப் போகும். சராசரி பூச்சியத்துக்குப் போகிறதென்றால் மிச்சம் எப்போதும் பெரிதாகவே இருக்க முடியாது, நடுநடுவே அது சிறிதாகிற நேரங்கள் வந்தே தீரும், எவ்வளவு தள்ளிப் போனாலும் அப்படி ஒரு நேரம் அதற்கப்பாலும் இருக்கும். கூட்டத்துக்குச் சொல்வதுபோல இல்லை அது, அடுப்படியில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவளின் பேச்சு. மாதேவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் யோசித்து முடிக்காத இடத்திலிருந்து அவள் எட்டு வைத்துப் போய்விட்டாள், அதுவும் மூன்றாவது வரிசையில் புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே அண்டா ஆறிக்கொண்டிருக்க.

“அந்த நேரங்களுக்கு நடுவுல?” என்று கேட்டார்.

“நடுவுல என்ன ஆகும்னு தெரியல சார். திரும்பப் பெரிசாகலாம். ஆகாமலும் இருக்கலாம். எல்லா நேரத்துக்கும்னு நான் சொன்னது நிக்காது. இப்படி ஒரு நேர வரிசைக்கு மட்டும் நிக்கும்.”

அது சின்னத் தேற்றம். அவள் வந்தபோது கையில் இருந்ததைவிடச் சின்னது, ஆனால் இதில் ஓட்டை இல்லை. அவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார், ஒருமுறை மேலிருந்து கீழே, ஒருமுறை கீழிருந்து மேலே, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒலிவாங்கியை எடுத்து, தேற்றம் திருத்திய வடிவில் சரியாக இருக்கிறது, நான்காம் அத்தியாயத்தை இப்படி மாற்றி எழுதி எனக்கு அனுப்பவேண்டும், நான் பார்த்தபின் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும், அந்த நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். குணசீலன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதையே இங்கிலீஷில் இன்னும் நீளமாகச் சொன்னார், நிபந்தனை என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் விரைவாகக் கடந்தார். கை தட்டினார்கள். பொன்னாடை வந்தது, புகைப்படம் எடுத்தார்கள், அவள் புருஷன் முத்துக்கருப்பன் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான், என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் தெரிந்திருந்தது.

மரத்தடியில் நாற்காலி போட்டு வாழை இலையில் பிரியாணி வைத்தார்கள். கோமதி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். நன்றாகப் பேசினாள் அந்தப் பெண், நீங்கள் கேட்டதும் அவள் முகம் செத்துப்போச்சு, பிறகு என்னவோ எழுதினாள், பலகைப் பக்கம் போய்விட்டு நீங்கள் திரும்பினபோது உங்கள் முகம் மாறிப்போயிருந்தது என்றாள், அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது, பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. செண்பகவல்லி ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டே வந்தவள் அவர் முன்னால் நின்றாள். புடவைத் தலைப்பு இன்னும் இடுப்பில்தான் இருந்தது, விரலில் சாக்பீஸ் தூள். ரொம்ப நாளாக அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் சார், எனக்குத் தெரியவே இல்லை என்றாள். எனக்கும் இன்றைக்குத்தான் தெரிந்தது, படித்தபோது தெரியவில்லை என்றார் மாதேவன். அவள் அதை நம்பவில்லை, பெரியவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம் என்று எடுத்துக்கொண்டதுபோலச் சிரித்தாள். பரீட்சைத்தாள் திருத்துகிற வேலை இருக்கிறது, சின்னவளுக்கு வேறு ஆண்டுவிழா வருகிறது, திருத்திய அத்தியாயத்தைத் தீபாவளி கழித்து அனுப்பினால் பரவாயில்லையா, என்றாள்.

பரவாயில்லை என்றுதான் சொல்ல இருந்தார். வாயில் சோறு இருந்தது, அதை மென்று விழுங்கினார். பந்தியில் பாத்திரம் வைக்கிற சத்தம், எம்.எஸ்சி. பிள்ளைகளின் சிரிப்பு, மரத்திலிருந்து ஏதோ ஒரு பூ இலையில் விழுந்தது, அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

“கொஞ்சம் சீக்கிரமா அனுப்பும்மா,” என்றார். “எனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருக்கு. நல்லா இருக்கும்போதே படிச்சிரணும்.”

எந்த ஒலிவாங்கியிலும் சொல்லாத சொல், எதிர்வரிசையில்கூடக் கேட்டிருக்காது. பக்கத்தில் கோமதியின் கை இலைமேல் அப்படியே நின்றது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. செண்பகவல்லி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவரைப் பார்த்தாள், பிறகு கோமதியைப் பார்த்தாள், கோமதியின் முகத்தில் என்ன கண்டாளோ, ஐயோ என்றோ அப்படியெல்லாம் இல்லை சார் என்றோ சொல்லவில்லை. விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்தாள்.

“இந்த வாரமே அனுப்பிருதேன் சார்,” என்றாள்.